கராஜின் ஆழத்தை அளந்துவிட்டு மைட்டர் சா வாங்குங்கள், தம்பி

தம்பி, பள்ளத்தூரிலிருந்து பிராம்ப்டனுக்கு வந்து நான்கு மாதம் ஆகிறது என்று எழுதியிருந்தீர்கள். காரைக்குடியில் அப்பாவின் பட்டறையில் வேலை பழகியவர். கனடாவில் நம்மவர்கள் வீடுகளுக்குப் பூஜை அலமாரி, படச்சட்டம், கதவைச் சுற்றி அடிக்கும் சட்டம் எல்லாம் வாடகை வீட்டுக் கராஜிலேயே செய்து கொடுக்க நினைக்கிறீர்கள். அதற்கு ஸ்லைடிங் மைட்டர் சா வாங்க வேண்டும்; பலகையை வேண்டிய கோணத்தில் குறுக்கே வெட்டும் மின்வாள் அது, பிளேடும் மோட்டாரும் உள்ள தலை முன்னும் பின்னும் சறுக்கும். பிளேடு 10 அங்குலமா 12 அங்குலமா, அப்பா ஊரிலேயே வாங்கி அனுப்புகிறேன் என்கிறாரே, சரி என்று சொல்லலாமா என்பது கேள்வி.

அப்பாவிடம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 230 வோல்ட். கனடாவில் வீட்டுச் சாக்கெட்டில் வருவது 120 வோல்ட். ஊர் இயந்திரத்தை அப்படியே சொருகினால் பாதி உயிரோடு சுற்றும், இல்லையென்றால் சுற்றவே சுற்றாது. டிரான்ஸ்பார்மர் வைத்துச் சமாளிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். சாதாரணச் சாக்கெட் 15 ஆம்பியர்தான் தாங்கும், அதாவது 1800 வாட். மோட்டார் கிளம்பும் அந்த ஒரு நொடியில் இழுக்கும் கரண்டுக்கே பிரேக்கர் விழுந்துவிடும். பிளேடின் நடுத்துளை அளவும் சிக்கல். வட அமெரிக்காவில் 10 அங்குல பிளேடுக்கு 5/8 அங்குலத் துளை, 12 அங்குலத்துக்கு 1 அங்குலம். ஊர் இயந்திரத்துக்குப் பொருந்தும் பிளேடைத் தேடியே அலைந்துபோவீர்கள். அப்பா எதையாவது அனுப்பியே தீருவேன் என்றால், நீங்கள் கை பழகிய மூலைமட்டத்தையும் நான்கு உளியையும் அனுப்பச் சொல்லுங்கள்.

இதை நான் கானாடுகாத்தானில் எங்கள் வீட்டு முகப்பில் உட்கார்ந்து எழுதுகிறேன். லீவுக்கு வந்திருக்கிறேன். சுவர் நிறையப் படங்கள் தொங்கும் வீடு என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கண்ணாடி மாற்றுவதற்காக நேற்று ஐயா படத்தை இறக்கினேன். பர்மாத் தேக்குச் சட்டம், 2 அங்குல அகலம். நான்கு மூலையிலும் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கேயும் தட்டவில்லை. கரண்ட் இல்லாத காலத்தில் கைவாளாலும் இழைப்புளியாலும் செய்த மூலை அது. கையில் வைத்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கு எழுத வேண்டிய பதிலும் அப்போதுதான் தெளிவானது. எந்த இயந்திரம் வாங்கினாலும், அது 45 டிகிரி என்று காட்டுவதை நம்பாமல் நீங்களே மட்டம் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

கணக்கைப் பாருங்கள். ஒரு சட்டத்துக்கு நான்கு மூலை, எட்டு வெட்டு. ஒவ்வொரு வெட்டிலும் அரை டிகிரி தப்பினால் எட்டும் சேர்ந்து 4 டிகிரி. மூன்று மூலை ஒட்டிய பிறகு நான்காவதில் அவ்வளவும் வந்து நிற்கும். 2 அங்குலச் சட்டத்தில் அது கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் இடுக்கு. பட்டி பார்த்துப் பெயின்ட் அடிக்கும் வேலையில் மறைத்துவிடலாம். பூஜை அலமாரியின் தேக்குக் கதவில் எதை வைத்து மறைப்பீர்கள்?

பெட்டியிலிருந்து எடுத்ததும் முதல் வேலை இது. பிளக்கைப் பிடுங்கிவிட்டு, மூலைமட்டத்தை, மரத்தைச் சாய்த்து வைக்கும் பின் தடுப்போடு ஒட்டிப் பிளேடின் தட்டையான உடம்பில் வையுங்கள். பல்லில் வைக்காதீர்கள்; பல் உடம்பைவிட வெளியே துருத்திக்கொண்டிருக்கும், மட்டம் பொய் சொல்லும். அப்புறம் இருபக்கமும் இணையாக இழைத்த 6 அங்குலப் பலகையை 90 டிகிரியில் வெட்டி, ஒரு துண்டை மட்டும் புரட்டிப் போட்டு, நேரான கட்டை ஒன்றில் சாய்த்து இரண்டையும் சேருங்கள். இடுக்கு தெரிந்தால் அது உண்மையான தப்பில் இரண்டு மடங்கு. தடுப்பின் போல்ட்டைத் தளர்த்தித் திருத்துங்கள், திரும்ப வெட்டுங்கள். 45-க்கு இரண்டு துண்டு வெட்டி மூலையாகச் சேர்த்து மட்டம் வைத்துப் பாருங்கள். எனக்கு முதல் தடவை ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போனது. இன்றும் இயந்திரத்தை வண்டியில் ஏற்றி இறக்கினால் மறுபடி பார்த்துவிட்டுத்தான் மரத்தைத் தொடுவேன். எதிரெதிர்ச் சட்டங்கள் இரண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டும் என்பதும் இதே அளவு முக்கியம். டேப்பை நம்பாமல் நிறுத்துக்கட்டை ஒன்றைக் கிளாம்ப் போட்டு வைத்து அதில் முட்டி வெட்டுங்கள்.

இப்போது அளவுக்கு வருகிறேன். உங்கள் வேலைக்கு 10 அங்குல ஸ்லைடிங் போதும், தாராளமாகப் போதும். சறுக்காத 10 அங்குல இயந்திரம் சுமார் 6 அங்குல அகலம்தான் வெட்டும். சறுக்கும் வகையில் அதே பிளேடு சுமார் 12 அங்குலம் வரை போகும். அலமாரித் தட்டுக்கும் ஆகும். அங்கே 2×4 மரம் என்று விற்பதை அளந்தால் 1½ × 3½ அங்குலம்தான் இருக்கும், 4×4 தூண் என்பது 3½ அங்குலம். அதையும் பெரும்பாலான 10 அங்குலச் சாக்கள் ஒரே வெட்டில் தாண்டிவிடும். 12 அங்குல பிளேடு விலை கூடுதல், விட்டம் பெரிதானதால் நுனி ஆட்டமும் கூடுதல். அங்கே டேபிள் சாவுக்கும் (மேசைக்கு மேல் பிளேடு நீட்டிக்கொண்டிருக்கும் இயந்திரம்) 10 அங்குல பிளேடுதான் வழக்கம் என்பதால் நாளைக்கு அது வாங்கும்போதும் கடையில் ஒரே அளவாகப் பார்த்து வாங்கலாம். சுவரும் கூரையும் சேரும் இடத்தில் அடிக்கும் பெரிய சீலிங் மோல்டிங்கைத் தடுப்பில் நிறுத்தி வெட்டுபவர்களுக்குத்தான் 12 அங்குலம்.

பலர் கவனிக்காமல் ஏமாறுவது ஆழத்தில். தலை சறுக்கி ஓடும் குழாய்கள் பின்னால் நீளும் மாடல் என்றால் சுவரிலிருந்து கைப்பிடி வரை 3 அடிக்கு மேல் வேண்டும். ஒற்றைக் கார் கராஜில், ஓரமாக வாஷிங் மெஷினும் இருந்தால், அந்த ஆழம் கிடைக்காது. போஷின் கிளைடு மாடல் குழாய்க்குப் பதில் மடங்கும் கையில் ஓடும். மகிதா எல்எஸ் 1019எல் மாடலில் குழாய் முன்பக்கமாகவே நிற்கும். இவற்றைச் சுவரோடு ஒட்டி வைக்கலாம். இரண்டுமே 25 கிலோவைத் தாண்டும், அதனால் வேலை வேலையாகத் தூக்கிக்கொண்டு போகிறவர் யோசிக்க வேண்டும். டிவால்ட் 780-இல் ஒரு விளக்கு பிளேடின் நிழலையே மரத்தில் விழ வைக்கும். லேசர் கோடு நாளாக ஆக விலகும், நிழல் விலகாது. எனக்கு அது ரொம்பப் பிடிக்கும்.

செகண்ட் ஹேண்ட் வாங்கினால், தலையை முழுக்க முன்னால் இழுத்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். கூடவே வரும் பிளேடு முரட்டு வெட்டுக்குத்தான். 60 அல்லது 80 பல் உள்ளதைத் தனியாக வாங்குங்கள். பல்லின் சாய்வு சுழியமோ அதற்குக் கீழோ இருப்பது சறுக்கும் சாவுக்கு நல்லது. முன்பக்கம் சாய்ந்த பல் மரத்தில் தானாக ஏறப் பார்க்கும்.

அதனால்தான் வெட்டும் திசையைக் கை மறக்கக் கூடாது. ஊரில் கைவாளை இழுத்துப் பழகிய கை, இழுக்கும்போதே அறுக்கத் துடிக்கும். இந்த இயந்திரத்தில் அப்படிச் செய்தால் பிளேடு மரத்தின் மேல் ஏறி உங்களை நோக்கி ஓடி வரும். தலையைத் தூக்கியபடியே முன்னால் இழுங்கள், சுவிட்சைப் போடுங்கள், முழு வேகம் வந்ததும் கீழே இறக்குங்கள், பின்னால் தள்ளி வெட்டுங்கள். முடிந்ததும் சுவிட்சை விட்டு, பிளேடு நின்ற பிறகு தூக்குங்கள். ஒல்லியான சட்டத்துக்குச் சறுக்கைப் பூட்டிவிட்டு மேலிருந்து இறக்கினால் போதும்.

நின்ற பிறகு தூக்குவதை நான் முதல் வருஷம் செய்யவில்லை. 2 அங்குலத் துண்டு ஒன்றை அவசரமாக வெட்டிவிட்டுச் சுற்றும் பிளேடையே தூக்கினேன். துண்டு பல்லில் மாட்டிக் காதை உரசிக்கொண்டு போய்ச் சுவர் பலகையில் குத்தி நின்றது. அன்று மதியம் வரை கை நடுங்கியது. தம்பி, கை பிளேடிலிருந்து 6 அங்குலத்துக்கு வெளியே இருக்கட்டும். அதைவிடச் சின்னத் துண்டு என்றால் கிளாம்ப்தான். கையைக் குறுக்கே மாற்றிப் பிடிக்காதீர்கள். வளைந்த பலகை என்றால் புடைத்த பக்கம் தடுப்பில் முட்டட்டும். குழிந்த பக்கத்தை வைத்தால் வெட்டு மூடிக்கொண்டு பிளேடைக் கவ்வும்.

தூளைப் பற்றியும் சொல்ல வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மரத்தூளைப் புற்றுநோய் தரும் பொருட்களில் 1995-லேயே சேர்த்துவிட்டது. ஊரில் பட்டறை திறந்தவெளி, காற்று கொண்டுபோய்விடும். கனடாக் குளிரில் கதவை மூடிக்கொண்டு வெட்டுவீர்கள். சறுக்கும் சா தூளை எல்லாப் பக்கமும் வீசும். பின்னால் கூடாரம் மாதிரி ஒரு தடுப்பும் வாக்குவமும், முகத்துக்கு நல்ல மாஸ்க்கும் வேண்டும். சத்தம் 100 டெசிபெல் அளவுக்குப் போகும், காதுக்கும் போடுங்கள்.

கடைசியாக, அங்கே குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டுக்குள் காற்று எலும்பு மாதிரி காய்ந்துவிடும். மரம் அகலத்தில் சுருங்கும், நீளத்தில் சுருங்காது; அதனால் 45 டிகிரி மூலை உள்பக்கமாகத் திறக்கும். தேக்கு குறைவாகவே சுருங்கும், ஐயா படம் தப்பித்ததற்கு அதுவும் ஒரு காரணம். மேப்பிளும் ஓக்கும் அப்படி விடாது. மரத்தை வாங்கியதும் ஒரு வாரமாவது வீட்டுக்குள் கிடத்திவிட்டு அப்புறம் வெட்டுங்கள்.

தை பிறந்ததும் திரும்பி வருகிறேன். அதற்குள் கராஜின் ஆழம், சாக்கெட் இருக்கும் சுவர், நீங்கள் வெட்டப்போகும் மிக அகலமான பலகை, இந்த மூன்றையும் எழுதி அனுப்புங்கள். கடைக்குச் சேர்ந்தே போகலாம். மூலைமட்டத்தை மறக்காமல் கொண்டு வாருங்கள்.