வலையில் ஒட்டி வரும் மீன் பேன்

வணக்கம் நண்பரே. கிருஷ்ணகிரி அணையில் வீசிய வலையையே பண்ணைக்குட்டையிலும் வீசியதாகவும், இப்போது கட்லா மேல் மீன் பேன் ஒட்டியிருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். வலையைப் பிளீச்சிங் பவுடரில் ஊறப்போடலாமா என்பது கேள்வி.

போடலாம், ஆனால் சேறு போன பிறகுதான். சேறும் பாசியும் பவுடரில் உள்ள குளோரினைத் தின்றுவிடும். ஈயமணிகளுக்குள் மடிந்திருக்கும் ஓரத்தைக் கையால் பிரித்துத் தேயுங்கள். கசடு முழுக்க அங்கேதான் ஒளிந்திருக்கும். பிறகு 10 லிட்டர் தண்ணீருக்கு 30 சதவீதக் குளோரின் உள்ள பவுடர் 7 கிராம், 15 நிமிடம். நான் ஒருமுறை இரவு முழுக்க ஊறவிட்டேன். அடுத்த வீச்சிலேயே நைலான் நூல் பொடிந்தது. குளோரின் மீனைக் கொல்லும் என்பதால் நன்றாக அலசுங்கள், அலசிய நீர் குட்டைக்குள் போகக் கூடாது. தூண்டில் முள்ளுக்கு இது வேண்டாம், துருப்பிடிக்கும், வெந்நீர் போதும்.

அதன்பின் முடிச்சுகள் மொறமொறவென்று ஆகும்வரை காயவிடுங்கள். என்னைக் கேட்டால் மருந்தைவிட இதுதான் முக்கியம். வாரக்கணக்கில் வெயிலில் தொங்கவிட்டாலும் நைலான் வலுவிழக்கும். காய்ந்ததும் நிழலுக்கு மாற்றுங்கள்.

குட்டையில் ஏற்கெனவே இருக்கும் பேனுக்கு வலையைக் கழுவிப் பயனில்லை. அது கல், கட்டை போன்ற கெட்டியான பரப்பில்தான் முட்டையிடும். சில பலகைகளை நீருக்குள் நிறுத்தி, வாரம் ஒருமுறை எடுத்துச் சுரண்டிக் காயவையுங்கள். பாரூர் பக்கம்தான் என்றால் அங்குள்ள மீன்வளப் பல்கலைக்கழக மையத்தில் ஒரு மீனைக் காட்டிவிடுங்கள்.