சம்பளம் ஏறியும் சுரத்து ஏறவில்லையே?

கேள்வி: எட்டுப் பேர் கொண்ட டீமுக்கு நான் தலைவர். வாடிக்கையாளர்களுக்கு மாதாந்திர அறிக்கை தயாரிப்பது எங்கள் வேலை. ஒருவர் தரவு திரட்டுவார், ஒருவர் சரிபார்ப்பார், ஒருவர் எழுதுவார், நான் பார்த்து அனுப்புவேன். ஆறு மாதத்துக்கு முன் எல்லோருக்கும் சம்பளம் உயர்ந்தது. முணுமுணுப்பு நின்றதே தவிர, வேலையில் பிடிப்பு வரவில்லை. பயிற்சி வகுப்பில் வேலை உற்சாகம் பற்றிக் கோட்பாடு சொன்ன மாஸ்லோ, ஹெர்ஸ்பெர்க், மெக்ரெகர் என்று அடுக்கினார்கள். யாரைப் பின்பற்றுவது? 'மாதத்தின் சிறந்த ஊழியர்' பரிசு தொடங்கலாமா?

பதில்: "முணுமுணுப்பு நின்றதே தவிர, பிடிப்பு வரவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த ஒரு வரியைத்தான் ஹெர்ஸ்பெர்க் புத்தகமாகவே எழுதினார்.

மாஸ்லோவை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள். மனிதத் தேவைகளைப் படிப்படியாக அடுக்கிய அவருடைய 1943 கட்டுரையில் அந்தப் பிரபலமான முக்கோணப் படமே கிடையாது. பின்னால் வந்தவர்கள் வரைந்தது அது. வகுப்பில் பார்க்க நன்றாக இருக்கும். திங்கட்கிழமை காலையில் என்ன செய்வது என்று சொல்லாது.

ஹெர்ஸ்பெர்க்கும் சகாக்களும் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்கள், கணக்காளர்களிடம் பேசினார்கள். வேலையில் ரொம்ப நன்றாக உணர்ந்த ஒரு சமயம், ரொம்ப மோசமாக உணர்ந்த ஒரு சமயம் இரண்டையும் சொல்லச் சொன்னார்கள். மோசமான கதைகளில் நிறுவன விதிகள், மேலதிகாரி போன்றவை அதிகம் வந்தன. நல்ல கதைகளில் வந்தவை வேறு: சாதித்தது, பாராட்டு, பொறுப்பு, வேலையே தந்த நிறைவு. 1959-இல் வந்த அந்த நூலின் முடிவு இதுதான்: அதிருப்தியை நீக்கினால் அதிருப்தி போகும், அவ்வளவே. உற்சாகம் வேறு இடத்திலிருந்து வரவேண்டும். சம்பளத்தை அவர் சுகாதாரம் என்ற வகையில் சேர்த்தார். சுத்தமான தண்ணீர் நோயைத் தடுக்கும், ஆளைப் பயில்வான் ஆக்காது.

இதற்கு வலுவான மறுப்பும் உண்டு. நல்லது நடந்தால் நம்மால், கெட்டது நடந்தால் அடுத்தவரால் என்று சொல்வது மனித சுபாவம்தானே? அதனால் அவருடைய முடிவை அப்படியே நம்பவேண்டாம். கேள்வியை மட்டும் கடன் வாங்குங்கள். எட்டுப் பேரிடமும் தனித்தனியாக அதே இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அப்ரைசல் நேரத்தில் வேண்டாம், உண்மை வராது.

உங்கள் வேலை துண்டு துண்டாக இருப்பதுதான் எனக்குக் கண்ணில் படுகிறது. ஹேக்மன், ஓல்ட்ஹாம் என்ற இரு ஆய்வாளர்கள் 1970-களில், ஒரு வேலை எவ்வளவு உற்சாகம் தரும் என்று கணக்கிட, வேலையின் ஐந்து குணங்களை வைத்து ஒரு சூத்திரம் தந்தார்கள். பலவகைத் திறன், முழுமை, முக்கியத்துவம் மூன்றுக்கும் சராசரி எடுத்து, அதைச் சுதந்திரத்தாலும், செய்த வேலை எப்படி அமைந்தது என்று தெரியவரும் அளவாலும் பெருக்கவேண்டும். கூட்டல் இல்லை, பெருக்கல். சுதந்திரம் பூஜ்யத்தை நெருங்கினால் மொத்தமும் படுத்துவிடும். உங்கள் டீமில் தரவு திரட்டுபவருக்கு அறிக்கை என்ன ஆனது என்றே தெரியாமல் போகலாம். இரண்டு பேருக்கு மட்டும் ஆளுக்கொரு வாடிக்கையாளரை ஆரம்பம் முதல் கடைசி வரை கொடுத்துப் பாருங்கள். வாடிக்கையாளரின் மெயிலும் நேராக அவர்களுக்கே போகட்டும். எல்லோருக்கும் இது பிடிக்காது, ஹேக்மனும் ஓல்ட்ஹாமுமே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். விரும்பிக் கேட்பவர்களிடம் தொடங்குங்கள்.

பரிசு வேண்டாம் என்பேன். எட்டில் ஒருவர் சிரிப்பார், ஏழு பேர் கணக்குப் பார்ப்பார்கள். உளவியலாளர் எட்வர்ட் டெசி 1971-இல் வெளியிட்ட சோதனையில், புதிர் விடுவித்ததற்குக் காசு வாங்கிய மாணவர்கள், காசு நின்றபின் ஓய்வு நேரத்தில் புதிரைத் தொடுவது குறைந்தது. வாய்ப் பாராட்டுக்கு அந்தப் பக்கவிளைவு இல்லை. ஆனால் "சூப்பர்" என்று சொன்னால் போதாது. எந்தப் பக்கத்தில் எது நன்றாக வந்தது என்று சொல்லுங்கள்.

அப்புறம் மெக்ரெகர். 1960-இல் அவர் சொன்ன எக்ஸ், ஒய் என்பவை இரண்டு வகை ஊழியர்கள் என்று பல வகுப்புகளில் தவறாகச் சொல்லித் தருகிறார்கள். அவை மேலாளரின் மனதில் ஊழியரைப் பற்றி இருக்கும் இரண்டு அனுமானங்கள்: கண்காணிக்காவிட்டால் வேலை செய்யமாட்டார்கள் என்பது எக்ஸ், தாமாகவே பொறுப்பேற்பார்கள் என்பது ஒய். அதாவது பேச்சு உங்களைப் பற்றியது. எல்லா அறிக்கையும் ஏன் உங்கள் கண்ணில் பட்டே போகவேண்டும்? போன மாதத்து அறிக்கைகளை எடுத்து, நீங்கள் செய்த திருத்தங்களில் வாடிக்கையாளர் கவனித்திருக்கக்கூடியவை எத்தனை என்று எண்ணுங்கள். அப்படி ஒன்றும் இல்லாத அறிக்கைகளை எழுதியவரே அடுத்த மாதம் நேரடியாக அனுப்பட்டும்.