தோற்றுவித்ததா, தோற்றுவிட்டதா?

கேள்வி: 28 வருடமாக ஒரே கட்சிக்குத்தான் ஓட்டுப் போடுகிறேன். இந்த முறை எங்கள் கட்சி தோற்றுவிட்டது. ஜனங்கள் ஏமாந்துவிட்டார்கள். டீக்கடைப் பக்கம் போகவே கூச்சமாக இருக்கிறது. அரசியல் மேல் இருக்கும் நம்பிக்கையை எப்படிக் காப்பாற்றிக்கொள்வது?
– பெயர் வேண்டாம், சங்கரன்கோவில்

பதில்: முதலில் உங்கள் கையெழுத்துக்கு ஒரு கும்பிடு. 'எங்கள் கட்சி தோற்றுவிட்டது' என்பது மூன்றாவது தடவை படித்தபோதுதான் பிடிபட்டது. அதுவரை 'தோற்றுவித்தது' என்றே படித்துக்கொண்டிருந்தேன். எதைத் தோற்றுவித்தது, புதிய சரித்திரத்தையா, புதிய கடனையா என்று செயப்படுபொருளைத் தேடிக் கார்டின் பின்பக்கம் வரை போய்விட்டேன். அங்கே எங்கள் விலாசம்தான் இருந்தது.

உங்களைக் குறை சொல்லவில்லை. தமிழில் ஒரு கட்சி பிறப்பதற்கும் அது கவிழ்வதற்கும் நடுவே இரண்டு எழுத்துதான் இருக்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒரு சின்னக் கட்சியின் தலைவர் படத்துக்குக் கீழே 'கட்சியைத் தோற்றுவித்தவர்' என்று போட்டோம். மறுநாள் காலை மாவட்டச் செயலாளர் போனில் வந்தார். "என்னங்க, தலைவருதான் கட்சியத் தோக்க வெச்சாருன்னு போட்டிருக்கீங்களே?" தோன்று, தோற்று, தோற்றுவி என்று தன்வினை பிறவினையெல்லாம் கால் மணி நேரம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில் குரலைத் தாழ்த்தி, "நீங்க இலக்கணம் சொல்றீங்க. நான் படிச்ச அர்த்தமும் தப்பில்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். அடுத்த முறை எங்கள் பிழைதிருத்துநர் அதை 'நிறுவனர்' என்று மாற்றினார். கட்சி என்ன கம்பெனியா என்று அதற்கும் ஒரு போன் வந்தது.

தோல்வி என்ற பேச்சை எடுத்துவிட்டீர்கள், இதையும் சொல்லிவிடுகிறேன். 'தோல்வியைத் தழுவினார்' என்று எழுதுகிற நாளிதழ்களோடு எனக்குப் பழைய தகராறு. தோல்வியை யார் ஐயா போய்த் தழுவுகிறார்கள்? அதுதான் ஓடுகிற ஆளைத் துரத்திப் பிடித்துக் கட்டிக்கொள்கிறது. வாக்கு எண்ணும் மையத்தின் பின்வாசல் வழியாகக் கார் ஏறுகிற வேட்பாளரின் முகத்தைப் பாருங்கள், கட்டித் தழுவிவிட்டு வருகிற முகமா அது? 'மண்ணைக் கவ்வினார்' என்று போட்டால் வக்கீல் நோட்டீஸ் வரும், 'தழுவினார்' என்றால் வராது என்பது செய்தி ஆசிரியராக இருக்கும் ஒரு நண்பரின் வாதம். அவரும் நானும் எட்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. அதற்கு வேறு காரணமும் உண்டு, அச்சுக்கு ஆகாது.

சரி, உங்கள் நம்பிக்கை. தோற்ற கட்சி ஒரு சுற்றுச் சுற்றித் திரும்ப வந்துவிடும் என்று டீக்கடையில் யாராவது தைரியம் சொன்னால் 1967-ஐப் பற்றிக் கேளுங்கள். விருதுநகரில் காமராஜரே ஒரு மாணவர் தலைவரிடம் 1,285 ஓட்டில் தோற்றார். ஆனால் அந்தத் தேர்தலில் காங்கிரஸ் வாங்கியது சுமார் 41 சதவீத ஓட்டு. ஆட்சியைப் பிடித்த திமுக வாங்கியது அதைவிட ஒரு சிட்டிகை குறைவு. (திமுக எல்லாத் தொகுதியிலும் நிற்கவில்லை, ராஜாஜியின் சுதந்திரா கட்சி உட்படக் கூட்டாளிகள் பலர். கணக்கு வாத்தியார்கள் கார்டு எழுத வேண்டாம்.) பத்தில் நாலு பேர் கையில் இருந்தும் காங்கிரஸ் இன்றுவரை தன் முதல்வரோடு கோட்டைக்குத் திரும்பவில்லை. 1971-க்குள் அது இரண்டாக உடைந்திருந்தது. இந்திரா காந்தி பக்கத்துக் காங்கிரஸ் திமுகவோடு சேர்ந்து, நாடாளுமன்றத்துக்குச் சில தொகுதிகளை வாங்கிக்கொண்டு, சட்டமன்றத்துக்கு ஒரு தொகுதியில்கூட நிற்கவில்லை. காமராஜர் பக்கத்துக்குக் கிடைத்தது 15. ஆக, 1967-ல் விழுந்தது ஓர் அடி. எழுந்திருக்க முடியாமல் போனதற்கு அதன் பிறகு நடந்ததுதான் காரணம் என்பது என் கட்சி. (வேறு கட்சி எனக்குக் கிடையாது.)

அந்தத் தேர்தலில் தோற்ற முதல்வர் பக்தவத்சலம் என்ன சொன்னார் தெரியுமா? நாட்டில் விஷக்கிருமிகள் பரவிவிட்டன என்றார். ஓட்டுப் போட்டவன் காதில் அது எப்படி விழுந்திருக்கும்! நீங்கள் அவ்வளவு தூரம் போகவில்லை, 'ஏமாந்துவிட்டார்கள்' என்பதோடு நின்றுவிட்டீர்கள். ஆனால் வண்டி அதே ஊருக்குத்தான் போகிறது.

13 வருடம் கழித்து இன்னொரு தோல்வி. 1980 ஜனவரி நாடாளுமன்றத் தேர்தலில் எம்.ஜி.ஆர். கட்சிக்குக் கிடைத்தது சிவகாசி, கோபிசெட்டிபாளையம், இரண்டே இடம். பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டுக்கு ஆண்டு வருமானம் 9,000 ரூபாய் என்று அவர் வைத்த வரம்பு ஜனங்களைக் கொதிக்க வைத்திருந்தது. அடி எங்கே விழுந்தது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. சில வாரங்களில் அந்த வரம்பை எடுத்தார், 31 சதவீதத்தை 50 ஆக்கினார். பிப்ரவரியில் ஆட்சியைக் கலைத்தார்கள். மே மாதத் தேர்தலில் 129 இடத்தோடு திரும்பி வந்தார். கலைத்ததால் வந்த அனுதாபமும் அதில் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஜனங்கள் ஏமாந்துவிட்டார்கள் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அனுதாபத்தை வைத்து என்ன செய்ய முடியும்?

உங்கள் தலைவர் இதுவரை எதையாவது மாற்றியிருக்கிறாரா? மாவட்டச் செயலாளர்களை மாற்றியதைக் கேட்கவில்லை.

கூச்சப்படுவதற்கு ஒன்றும் இல்லை. 1996-ல் ஈரோடு பக்கம் மொடக்குறிச்சியில் ஒரே தொகுதிக்கு 1,033 பேர் நின்றார்கள். பெரும்பாலும் விவசாயிகள். ஜெயிப்போம் என்று அவர்கள் யாரும் நினைக்கவில்லை, தங்கள் குறை டெல்லி வரை கேட்கட்டும் என்றுதான் நின்றார்கள். வாக்குச்சீட்டைப் புத்தகமாகத் தைக்க வேண்டியதாயிற்று. அதில் 88 பேருக்கு ஒரு ஓட்டுகூட விழவில்லை. சொந்த வீட்டிலும் ஆதரவு இல்லாதவர்கள் மறுநாள் டீக்கடைக்குப் போயிருப்பார்கள்தானே? குறை கேட்டதோ என்னவோ, 250 ரூபாயாக இருந்த சட்டமன்ற டெபாசிட் அதே வருடம் 5,000 ஆனது. அன்று ஜெயித்த சுப்புலட்சுமி ஜெகதீசன் 2021-ல் அதே தொகுதியில் 281 ஓட்டில் தோற்றார்.

இந்த 1,033-ஐ நான் ஒரு முறை 1,003 என்று எழுதிவிட்டேன். ஈரோட்டு வாசகர் ஒருவர் அன்றிலிருந்து ஒவ்வொரு தேர்தலுக்கும் தவறாமல் ஒரு கார்டு போடுகிறார். "1,033 ஐயா, 1,033." வேறு ஒரு வரி இருக்காது, நலம் விசாரிப்புகூட இல்லை. இந்தத் தேர்தலுக்கும் வந்தது, உங்கள் கார்டுக்கு அடியில் இருக்கிறது. கையெழுத்து என்னமோ அச்சடித்த மாதிரி.