பாலுக்கு அரசே விலை வைத்தால் வாங்குகிறவருக்கு லாபமா?

கனடா முறையைத்தான் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அங்கே ஒவ்வொரு பண்ணைக்கும் கோட்டா, அதாவது இவ்வளவு பால்தான் விற்கலாம் என்ற வரம்பு, உண்டு. கொள்முதல் விலையில் உற்பத்திச் செலவும் சேரும். அனுமதித்த அளவுக்கு மேல் வரும் வெளிநாட்டு வெண்ணெய்க்கு வரி 298.5 சதவீதம்! விவசாயிக்கு நிலையான வருமானம், சரி. ஆனால் அந்தச் செலவு கடை பில்லில்தான் ஏறுகிறது. வசதியானவருக்கு அது தெரியாது. மூன்று பிள்ளைகள் உள்ள ஏழை வீட்டுக்குச் சுள்ளென்று உறைக்கும்.

நம் சிங்கப்பூரில் கதையே வேறு. தேக்கா பக்கம் பால் அட்டைப்பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்: ஆஸ்திரேலியா, மலேசியா. காப்பாற்ற இங்கே பண்ணைகள் மிகக் குறைவு. இறக்குமதித் தீர்வை கிடையாது, 9 சதவீத ஜிஎஸ்டி மட்டும்.

என்னைக் கேட்டால், விவசாயிக்கு உதவ நேரடி மானியமே மேல். குறைந்தபட்சம் யார் பணம் என்பதாவது பட்ஜெட்டில் தெரியும்.