மூச்சடக்கி முங்க எந்த மாஸ்க்? கேள்வி பதில்

கேள்வி: ஸ்கூபாவுக்கு (சிலிண்டரோடு முங்குவதற்கு) வாங்கிய, கண்ணையும் மூக்கையும் மூடும் மாஸ்க் கையில் இருக்கிறது. முகத்தில் நன்றாகவே உட்காருகிறது. மூச்சடக்கி முங்கும் ஃப்ரீடைவிங்குக்கு அதுவே போதாதா?

பதில்: ஐந்தாறு மீட்டருக்குள் பழகும் வரை போதும். அதற்குக் கீழே போனால் கணக்கு மாறிவிடும். ஒவ்வொரு 10 மீட்டருக்கும் ஒரு வளிமண்டல அழுத்தம் கூடுகிறது. மேற்பரப்பில் 1 என்றால் 10 மீட்டரில் 2, 20-இல் 3, 30-இல் 4. மாஸ்குக்குள் இருக்கும் காற்று அதற்கேற்பச் சுருங்கும். குறைகிற காற்றை மூக்கு வழியாக நீங்கள்தான் ஊதி நிரப்ப வேண்டும்.

மாஸ்கின் உள்ளளவு 200 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 மீட்டர் இறங்குவதற்குள் மேற்பரப்புக் கணக்கில் 400 மில்லி காற்று அதற்கே போய்விடும். 100 மில்லி மாஸ்க் என்றால் 200 மில்லியோடு முடிந்தது. ஸ்கர்ட், அதாவது முகத்தில் ஒட்டும் சிலிக்கான் பகுதி, கொஞ்சம் உள்வாங்குவதால் நடைமுறையில் இது சற்றுக் குறையும், ஆனால் விகிதம் அதேதான். ஸ்கூபாக்காரருக்கு முதுகில் சிலிண்டர் இருக்கிறது. நமக்கு மேலே இழுத்த ஒரு மூச்சுதான், அதிலிருந்துதான் காதின் அழுத்தத்தைச் சமன் செய்யவும் காற்றுக் கொடுக்க வேண்டும். 30 மீட்டரில் 6 லிட்டர் நுரையீரல் ஒன்றரை லிட்டராகச் சுருங்கியிருக்கும். அந்த நிலையில் நெஞ்சிலிருந்து வாய்க்குக் காற்றைக் கொண்டுவருவதே பாடு.

கேள்வி: அப்படியானால் உள்ளளவு குறைந்ததைப் பார்த்து எடுத்துவிடலாமா? ஒன்றில் 80 மில்லி என்று போட்டிருக்கிறது.

பதில்: வேண்டாம். முதலில் முகம், அடுத்தது மூக்கு, மில்லி கணக்கெல்லாம் அதற்குப் பிறகுதான். 90-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் 20 மீட்டரில் வெறும் 20 மில்லி. ஒரு ஓரத்தில் கசிகிற மாஸ்க் ஒரே முங்கலில் அதைவிட அதிகக் காற்றை வீணாக்கிவிடும்.

உள்ளளவைக் குறைக்க வேண்டுமென்றால் கண்ணாடியைக் கண்ணுக்கு மிக அருகில் வைத்தாக வேண்டும். புருவ எலும்பு தூக்கலாக இருப்பவர்களுக்கும் மூக்குத்தண்டு உயர்ந்தவர்களுக்கும் அங்கேதான் பிரச்சினை. மேலே இருக்கும்போது ஒன்றும் தெரியாது. 12, 15 மீட்டரில் தண்ணீர் மாஸ்கை அழுத்தும்போது ஃப்ரேம் இரு புருவங்களுக்கும் நடுவில் குத்தும். கண் இமை மயிர் கண்ணாடியில் உரசினாலும் அந்த மாஸ்க் உங்களுக்கானதல்ல. கண்ணைச் சிமிட்டச் சிமிட்ட ஈரமும் எண்ணெயும் அதில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

கேள்வி: முகத்தில் வைத்து மூக்கால் இழுத்தேன், கையை விட்டாலும் விழவில்லை. வாங்கிவிடலாம்தானே அண்ணா?

பதில்: பலமாக இழுத்தால் எந்த மாஸ்கும் ஒட்டிக்கொள்ளும் தம்பி. அதை வைத்து முடிவு செய்யாதீர்கள். இப்படிப் பாருங்கள்.

பட்டையை மாஸ்குக்கு முன்பக்கமாகத் தள்ளிவிட்டு, தலையை அண்ணாந்து, மாஸ்கை முகத்தின் மேல் சும்மா படுக்க வையுங்கள். அழுத்தக் கூடாது, மூச்சை இழுக்கவும் கூடாது. கூட இருப்பவரை ஸ்கர்ட்டின் ஓரம் முழுக்கச் சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். கண்ணுக்கும் காதுக்கும் நடுவிலுள்ள பொட்டுப் பக்கத்திலும், மூக்கின் இருபுறம் கன்னத்தில் இறங்கும் மடிப்பிலும்தான் பெரும்பாலும் இடைவெளி தெரியும். முழு ஓரமும் தோலைத் தொட்டால் மட்டும் அடுத்த படி: ஸ்நார்க்கலை (மூச்சுக் குழாயை) வாயில் கடித்துக்கொண்டு, மூக்கால் மிக மெல்ல இழுங்கள். ஸ்நார்க்கலைக் கடிக்கும்போது மேலுதடு நீண்டு, மூக்குக்குக் கீழே தோலின் வடிவமே மாறும். வெறும் வாயோடு பொருந்திய மாஸ்க் தண்ணீரில் கசிவதற்கு இதுவே முக்கியக் காரணம். கடைசியாகப் பட்டையைப் போட்டு 10 நிமிடம் அப்படியே இருங்கள். நெற்றியிலோ மூக்குத்தண்டிலோ ஒரு புள்ளியில் உறுத்தினால் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

கேள்வி: மூக்கு என்று சொன்னீர்களே, அதில் என்ன பார்க்க வேண்டும்?

பதில்: தலைகீழாக இறங்கும்போது மீட்டருக்கு ஒரு முறையாவது மூக்கைப் பிடித்துக் காதைச் சமன் செய்வீர்கள். கையுறை போட்ட விரல்களால், பார்க்காமலே, ஒரே பிடியில் இரண்டு துவாரமும் அடைபட வேண்டும். அதனால் மூக்கு உட்காரும் பை மென்மையான சிலிக்கானில் இருக்கட்டும். விரல் பதிய இருபுறமும் இடம் வேண்டும். உங்கள் மூக்கு நுனி உள்ளே முட்டவும் கூடாது. கையுறையோடு போய் முயன்று பாருங்கள்.

கேள்வி: நீச்சல் கண்ணாடி போட்டுக்கொண்டு முங்கலாமா? முழுமுகத்தையும் மூடும் ஸ்நார்க்கல் மாஸ்க் எப்படி?

பதில்: இரண்டுமே வேண்டாம். நீச்சல் கண்ணாடிக்குள் மூக்கு இல்லாததால் உள்ளே காற்றைச் சேர்க்க வழியே கிடையாது. இரண்டு மூன்று மீட்டரிலேயே கண்ணை உறிஞ்சத் தொடங்கும். முழுமுக மாஸ்க் மேற்பரப்பில் மிதந்து வேடிக்கை பார்ப்பதற்கானது. உள்ளளவு மிக அதிகம், பெரும்பாலானவற்றில் மூக்கைப் பிடிக்கவும் முடியாது.

கேள்வி: முங்கி வந்த பிறகு கண் வெள்ளையில் ரத்தம் கட்டியதுபோல் சிவந்திருந்தது. மாஸ்க் கோளாறா?

பதில்: மாஸ்கைவிடப் பழக்கத்தின் கோளாறு. இறங்கும்போது மூக்கால் காற்று விடாததால் மாஸ்க் உறிஞ்சி, கண்ணின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் வெடித்திருக்கும். சாதாரணமாக ஓரிரு வாரத்தில் தானாக மறையும். வலியோ பார்வையில் மாற்றமோ இருந்தால் உடனே கண் மருத்துவரிடம் போங்கள். சிவப்பு மறையும்வரை முங்காதீர்கள். இனி, முகத்தில் மாஸ்க் இறுகுவது தெரிந்தவுடனேயே மூக்கால் கொஞ்சமாகக் காற்று விடுங்கள். ஓரத்தில் குமிழி வெளியேறினால் அது அதிகம். ஏறும்போது உள்ளே விரிகிற காற்றை மூக்கால் திரும்ப இழுத்துக்கொள்ளலாம்.

கேள்வி: புது மாஸ்க். எச்சில் தடவியும் ஆவி படிந்து ஒன்றுமே தெரியவில்லை.

பதில்: சிலிக்கானை வார்க்கும்போது கண்ணாடியின் உள்பக்கம் மெல்லிய படலம் ஒன்று படிந்திருக்கும். அது போகாமல் என்ன தடவினாலும் பயனில்லை. ஜெல் அல்லாத சாதாரண வெள்ளைப் பற்பசையைக் கொஞ்சம் எடுத்து, விரலால் உள்பக்கம் முழுக்க, குறிப்பாக ஓரங்களில், இரண்டு மூன்று நிமிடம் தேயுங்கள். கழுவிவிட்டு மறுபடியும் தேயுங்கள். மூன்று நான்கு தடவை ஆகும். பிறகு உலர்த்தி, உள்பக்கம் வாயால் ஊதிப் பாருங்கள். ஆவி திட்டாகப் படிந்து நின்றால் படலம் இன்னும் இருக்கிறது.

லைட்டர் சுடரால் எரிப்பவர்களும் உண்டு. சுடரை ஓரிடத்தில் நிறுத்தாமல் நகர்த்தினால் கண்ணாடி கறுக்கும், ஆறியதும் துடைத்துவிடலாம். ஆனால் பூச்சு இல்லாத டெம்பர்ட் (சூட்டில் கடினமாக்கிய) கண்ணாடிக்கு மட்டுமே இது சரி. பாலிகார்பனேட் (பிளாஸ்டிக்) லென்ஸ் உருகும், லென்ஸ் மேல் பூச்சு இருந்தால் அது பாழாகும், சுடர் சிலிக்கானில் பட்டால் ஸ்கர்ட்டே போச்சு. பற்பசையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது.

எச்சிலைக் காய்ந்த கண்ணாடியில் தடவி, தண்ணீரில் ஒரே ஒரு முறை அலசுங்கள். ஈரக் கண்ணாடியில் அது ஒட்டாது. குழந்தைகளுக்கான ஷாம்பூவில் தண்ணீர் கலந்தும் தடவலாம். மாஸ்க் போடுவதற்கு முன் முகத்தைத் தண்ணீரில் நனைத்துக் குளிர வையுங்கள். மேலே மிதக்கும்போது மூக்கால் மூச்சு விடாமல் இருந்தாலே பாதி ஆவி குறையும்.

கேள்வி: கறுப்பு சிலிக்கானா, வெள்ளையா? மெர்க்குரி மாதிரி மின்னும் லென்ஸ் மீன் வேட்டைக்கு நல்லது என்கிறார்களே?

பதில்: கறுப்பு. பக்கவாட்டு வெளிச்சம் உள்ளே வந்து கண்ணாடியில் பிரதிபலிக்காது, பாறை இடுக்கின் இருட்டில் பார்க்க அது உதவும். ஒளி ஊடுருவும் சிலிக்கான் நாளடைவில் மஞ்சளாகும். இருட்டடைத்தது போல் மூச்சு முட்டுகிறது என்பவர்கள் மட்டும் அதை எடுக்கலாம்.

மின்னும் லென்ஸை நான் பரிந்துரைக்க மாட்டேன். கலங்கல் தண்ணீரில் இருக்கிற வெளிச்சத்தையும் அது குறைக்கும். அதைவிட முக்கியமாக, மேலே வந்ததும் துணைக்கு நிற்பவர் உங்கள் கண்ணைப் பார்த்துத்தான் நினைவு தெளிவாக இருக்கிறதா என்று அறிகிறார். அதை மறைக்கிற எதுவும் வேண்டாம். ஃப்ரேம் பளபளப்பில்லாததாக இருந்தால் போதும்.

மீன் வேட்டைக்குப் பார்க்க வேண்டிய இன்னொன்று கீழ்ப்பார்வை. தலையைக் குனியாமல் இடுப்பிலுள்ள எடை பெல்ட்டின் பக்கிளும், மீனைக் குத்தும் ஸ்பியர்கன்னின் ரப்பரை மாட்டும் இடமும் தெரிகிறதா என்று கண்ணை மட்டும் தாழ்த்திப் பாருங்கள்.

கேள்வி: மீசை இருக்கிறது. எவ்வளவு இறுக்கினாலும் மூக்கடியில் கசிகிறது.

பதில்: இறுக்குவதால்தான் இன்னும் கசிகிறது. பட்டை அதிகமாக இழுத்தால் ஸ்கர்ட்டின் ஓரம் மடங்கி வழி விடும். தளர்த்துங்கள். மூக்குக்கு நேர் கீழே ஸ்கர்ட் உட்காரும் கோட்டில் மட்டும் மீசையை மெல்லிய பட்டையாக மழித்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மனமில்லையென்றால் சிலிக்கான் கிரீஸைத் தடவலாம். வாஸ்லின் வேண்டாம், நாள்பட சிலிக்கானைக் கெடுக்கும். தலையை மூடும் ஹூட்டின் விளிம்போ தலைமுடியோ ஸ்கர்ட்டுக்கு அடியில் சிக்கியிருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டை பின்மண்டையின் புடைத்த பகுதியில் உட்கார வேண்டும், கழுத்துப் பக்கம் இறங்கக் கூடாது.

கேள்வி: கண்ணுக்கு மைனஸ் 3 பவர். என்ன செய்யலாம் சார்?

பதில்: பவர் லென்ஸ் பொருத்தக்கூடிய இரட்டைக் கண்ணாடி மாஸ்குகள் கிடைக்கின்றன, மைனஸ் லென்ஸ்கள் பொதுவாக அரை அரை பவராக வரும். தண்ணீருக்குள் எல்லாம் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகவும் கால்வாசி கிட்டத்திலும் தெரிவதால், உங்கள் பவரைவிட அரை குறைந்தாலும் பலருக்குப் போதுமானதாக இருக்கும். மென்மையான கான்டாக்ட் லென்ஸ் போடுபவர்கள் உண்டு, ஆனால் மாஸ்கில் தண்ணீர் புகுந்தால் லென்ஸ் போகும், கண்ணில் தொற்றும் வரலாம். பவர் லென்ஸே என் தேர்வு.

கேள்வி: எவ்வளவு நாள் உழைக்கும்? எப்படி வைத்துக்கொள்வது?

பதில்: நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, கெட்டியான டப்பாவில் வைத்தால் பல வருடம் வரும். எதன் அடியிலாவது நசுங்கிக் கிடந்தால் ஸ்கர்ட் அந்த வடிவத்திலேயே நின்றுவிடும். வெளிர் சிலிக்கானைக் கறுப்பு ரப்பரோடு ஒட்டி வைத்தால் கறை ஏறும். முகத்தில் பூசும் சன்ஸ்கிரீன் எண்ணெய் கண்ணாடியில் மங்கலையும் ஓரத்தில் வழுக்கலையும் உண்டாக்கும். அவ்வப்போது பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டுக் கழுவுங்கள். பட்டை மடியும் இடத்தில் வெடிப்பு தெரிந்தால் அன்றைக்கே மாற்றிவிடுங்கள்.