பாலை நிறுத்தினால் பிள்ளைக்குப் படிப்பு வருமா?

ஏழு வயது மகனுக்கு வாசிப்பு வரவில்லை, வகுப்பில் ஓரிடத்தில் இருப்பதில்லை, பாலையும் கோதுமையையும் நிறுத்தினால் இரண்டும் சரியாகிவிடும் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார், செய்யலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் ஏற்கெனவே பாலை நிறுத்திவிட்டுத்தான் கேட்கிறீர்கள் என்பது என் ஊகம். நான் மருத்துவர் அல்ல. தக்கலைப் பக்கம் குடியிருக்கும், கற்றல் குறைபாடுள்ள ஒரு பையனின் தாய். "எங்கள் பிள்ளைக்குக் குணமாயிற்றே" என்று பின்னூட்டத்தில் எழுதப் போகிறவர்களோடு வாதிடவும் நான் வரவில்லை.

என் மகனுக்குக் காலையில் பால் குடித்தால் வயிறு உப்பி வலிக்கும்; பள்ளியில் முதல் பாடவேளை முழுவதும் நெளிந்துகொண்டே இருப்பான். அதோடு, இரண்டாம் வகுப்பு முடியும் தறுவாயிலும் 'பாடம்' என்பதைப் 'படம்' என்றும் 'கோழி' என்பதைக் 'கேழி' என்றும் வாசித்தான். எழுத்துக்குப் பின்னால் நிற்கும் கால் மட்டும் அவன் கண்ணுக்குத் தப்பிவிடும். வயிற்றுக் கோளாறும் வாசிப்புக் கோளாறும் ஒரே பிள்ளையிடம் இருந்தால், ஒன்றுதான் மற்றதற்குக் காரணம் என்று சொல்ல ஆளுக்கா பஞ்சம்?

அப்படிச் சொன்ன ஒரு தனியார் மையத்தில் ரத்தம் எடுத்து, ஐ.ஜி.ஜி. சோதனை என்ற பெயரில் கணிசமான தொகை வாங்கிக்கொண்டு, ஒதுக்க வேண்டிய உணவுகளின் பட்டியலைக் கையில் கொடுத்தார்கள். பால், கோதுமை, முட்டை, வேர்க்கடலை ஆகியவற்றோடு அதில் தேங்காயும் இருந்தது. அவியல், தீயல், மீன்கறி என எதை எடுத்தாலும் தேங்காய் அரைத்தே சேர்க்கிற குமரி மாவட்டத்தில்! என் மாமி அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, "தேங்கா இல்லாம பிள்ளைக்கு எதக் குடுக்க?" என்று மட்டும் கேட்டார். அவர் கேட்டதில் அறிவியலும் இருந்தது. ஐ.ஜி.ஜி. என்பது ரத்தத்தில் இருக்கும் ஒருவகை எதிர்ப்புப் புரதம்; ஓர் உணவுக்கு எதிராக அது இருப்பது, பெரும்பாலும் உடல் அந்த உணவைச் சந்தித்துப் பழகியிருப்பதன் அடையாளமே. நாள்தோறும் தேங்காய் உண்ணும் பிள்ளையின் ரத்தத்தில் அது தென்படுவதில் வியப்பில்லை. நெதர்லாந்திலும் பெல்ஜியத்திலும் கவனக்குறைவும் மிகைச்செயல்பாடும் உள்ள 100 குழந்தைகளிடம் நடத்தி 2011இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், மிகக் கடுமையான உணவுக் கட்டுப்பாட்டால் பல குழந்தைகளின் நடத்தை மேம்பட்டதாகவே தெரிவித்திருந்தார்கள். ஆனால் எந்த உணவு தொந்தரவு தருகிறது என்பதை ஐ.ஜி.ஜி. அளவு காட்டவில்லை என்றும், அதை நம்பி உணவை விலக்கச் சொல்வது கூடாது என்றும் அதே ஆய்வாளர்களே எழுதியிருந்தார்கள். அந்தத் தொகையை நினைத்தால் இன்றும் எனக்கு வயிறு எரிகிறது.

எங்கள் குழந்தை மருத்துவர் சொன்ன வழி வேறு. பாலை மட்டும் சில வாரங்கள் நிறுத்தி, பிறகு திரும்பக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். வகுப்பாசிரியையிடம் காரணத்தைச் சொல்லாமல், அவனுடைய வாசிப்பையும் இருக்கையில் இருப்பதையும் ஒரு நோட்டில் குறித்துத் தரும்படி கேட்டுக்கொண்டேன். (இந்த யோசனை என்னுடையது, இதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.) பாலை நிறுத்தியதும் வயிற்றுவலி நின்றது, ஆசிரியை குறித்த நெளிதலும் குறைந்தது, பாலைத் திரும்பக் கொடுத்ததும் இரண்டும் திரும்பி வந்தன. வாசிப்போ, வீட்டில் நாங்கள் எல்லோரும் "தேறிவிட்டான்" என்று பேசிக்கொண்டிருந்த அதே வாரங்களில், ஆசிரியையின் நோட்டில் இருந்த இடத்திலேயே இருந்தது. பாலில் உள்ள லாக்டோஸ் சர்க்கரை அவனுக்குச் செரிப்பதில்லை. மோரும் தயிரும் ஒத்துக்கொள்கின்றன. வாசிப்புச் சிக்கல் டிஸ்லெக்ஸியா, அதாவது எழுத்தை வாசிப்பதில் வரும் கற்றல் குறைபாடு, என்பது பிறகு முறையான மதிப்பீட்டில் தெரியவந்தது. அதற்கான தனிப்பயிற்சியில்தான் அந்தக் கால் அவன் கண்ணில் படத் தொடங்கியது.

உணவுக்கும் நடத்தைக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2007இல் இங்கிலாந்தின் சவுத்தாம்ப்டனில் நடந்த ஆய்வில், சில செயற்கை நிறங்களும், கெடாமலிருக்கச் சேர்க்கும் சோடியம் பென்சோயேட்டும் கலந்த பானம் குடித்த குழந்தைகளிடம் பரபரப்பு சற்றுக் கூடியது. விளைவு சிறியதுதான், பிள்ளைக்குப் பிள்ளை மாறுபட்டதுதான்; ஆயினும் அந்த ஆய்வில் பயன்படுத்திய ஆறு நிறங்களில் எது சேர்ந்த உணவிலும் எச்சரிக்கை அச்சிட வேண்டும் என்று ஐரோப்பிய ஒன்றியம் 2010 முதல் விதித்திருக்கிறது. அவற்றில் டார்ட்ராசின், சன்செட் யெல்லோ உள்ளிட்டவை நம் நாட்டில் வரம்புக்குட்பட்டு அனுமதிக்கப்பட்டவை. எனவே கடையில் விற்கும் ஆரஞ்சு நிற மிட்டாயை நிறுத்துங்கள். பிள்ளைக்கு அதனால் இழப்பு ஒன்றுமில்லை.

கோதுமையில் மட்டும் அவசரப்படாதீர்கள். கோதுமையில் உள்ள ஒரு புரதத்தால் குடல் பாதிக்கப்படும் சீலியாக் நோய் என்ற ஒன்று உண்மையில் உண்டு. அது நரம்பு மண்டலத்தையும் பாதிக்கக்கூடும். ஆனால் கோதுமையைச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே ரத்தச் சோதனை செய்தால்தான் அது பிடிபடும். நிறுத்திவிட்டுப் போனால் நோய் இருந்தாலும் சோதனையில் இல்லை என்று வரலாம். அப்படியே ரத்தத்தில் இரும்புச்சத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். அது குறைந்தாலும் பிள்ளைக்குக் கவனம் சிதறக்கூடும். பாலை ஏற்கெனவே நிறுத்தியிருந்தால் கால்சியத்துக்கு மோர், கேழ்வரகு, முள்ளோடு தின்னக்கூடிய நெத்திலி என்று ஏதாவது ஒன்றைத் தவறாமல் கொடுங்கள். வாசிப்பு மதிப்பீட்டை உணவுச் சோதனை முடியட்டும் என்று தள்ளிப்போட வேண்டாம்; கற்றல் குறைபாடு 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுள்ளது, பின்னாளில் தேர்வில் கூடுதல் நேரம் கேட்பதற்கு, மதிப்பீட்டின் பேரில் தரும் குறைபாட்டுச் சான்றிதழ்தான் தேவைப்படும்.