"21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும்" என்று ரீல்ஸில் சொல்கிறார்களே, நம்பலாமா?

அந்த 21 எங்கிருந்து வந்தது என்று தேடினாலே பாதி பதில் கிடைத்துவிடும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு தங்கள் புது முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று, தன்னிடம் வந்தவர்களைப் பார்த்து 1960-இல் எழுதினார் மேக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன். விடிகாலையில் எழுந்து ஓடுவதைப் பற்றி அவர் சொல்லவே இல்லை. கைமாறி வந்ததில் 'குறைந்தது' என்பதும் உதிர்ந்துபோனது.

சரி, உண்மையில் எத்தனை நாள்? லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் பிலிப்பா லாலி குழுவினர் 96 பேரை 12 வாரம் கவனித்தார்கள். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், இரவு உணவுக்கு முன் 15 நிமிட ஓட்டம் என்று ஆளுக்கொன்று. அது யோசிக்காமலே செய்யும் பழக்கமாக மாற நடுமதிப்பாக 66 நாள். ஆளைப் பொறுத்து 18 முதல் 254 நாள் வரை ஆகலாம் என்று, அந்த 12 வாரத்தில் கண்ட போக்கை வைத்துக் கணக்கிட்டார்கள். இடையில் ஒருநாள் விட்டுப்போனதால் பெரிய பாதிப்பும் இல்லை.

22-ஆம் நாள் சோர்ந்துபோகிறவர் 'எனக்கு மன உறுதி இல்லை' என்று தன்னையே நொந்துகொள்கிறாரே, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அடுத்தமுறை இப்படி ஓர் எண் கண்ணில் பட்டால், யாரைப் பார்த்து, எதற்காகச் சொன்னது என்று தேடுங்கள். அப்புறம், சொல்பவரின் பக்கத்தில் கட்டண கோர்ஸுக்கு லிங்க் இருக்கிறதா என்றும் பாருங்கள்.